ஏறியவர்கள் இரண்டு பேர்

எங்கள் ஊர் ஹால்ட் ஸ்டேஷனில் பிளாட்பாரம் தண்டவாள மட்டத்திலேயே கிடந்தது. சரலைப் பரப்பி ஓரத்தில் ஒரு வரிசைக் கல் பதித்திருந்தார்கள், அவ்வளவுதான். பெட்டியின் கடைசிப் படி என் தொடை உயரத்துக்கு வரும். நல்ல கால் உள்ளவர்கள் கம்பியைப் பிடித்து எவ்வி ஏறிவிடுவார்கள். அண்ணனால் அது முடியாது. அதனால் வாரத்தில் மூன்று நாள் காலையில் நான் ஒரு நீலப் பிளாஸ்டிக் ஸ்டூலோடு ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டி ஒரு நிமிஷம்தான் நிற்கும். ஸ்டூலைப் போட்டு, அவருடைய வலது கையைப் பிடித்து ஏற்றி, ஸ்டூலைச் சரலிலேயே விட்டுவிட்டு நானும் ஏறுவேன். டிக்கெட் கொடுக்கிற பெண் வந்து அதை எடுத்து உள்ளே வைத்துக்கொள்வாள். சாயங்காலம் நாங்கள் திரும்பி வரும்போது, எங்கள் பெட்டி நிற்கிற இடத்தில் அவளே கொண்டுவந்து போட்டிருப்பாள்.

அண்ணன் என்று சொல்கிறேனே தவிர அவர் என் கூடப் பிறந்தவர் இல்லை. நேஷனல் பெர்மிட் லாரி ஓட்டியவர். எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது அவருடைய லாரியில்தான் கிளியாக ஏறினேன். லாரியில் கிளி என்றால் கிளீனர். ரப்பர் ஏற்றிக்கொண்டு வடக்கே போவோம், ஆரஞ்சு ஏற்றிக்கொண்டு திரும்புவோம். ஆறு வருஷம் போனது. ஒரு தடவை நாக்பூரில் வண்டியை ஓரம் கட்டியபோது, சாயா குடித்துவிட்டு வருகிறேன் என்று இறங்கினேன். திரும்பி ஏறவில்லை. ஏன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. அந்தத் தெருவின் அடுத்த முனையில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போனேன், பிறகு அதற்கு அடுத்த முனை. அவர் தனியாக லாரியை ஓட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்.

அதற்குப் பிறகு நான் பல இடங்களில் இருந்தேன். ஓட்டலில் மாவு பிசைந்தேன், ரோட்டுக்குத் தார் காய்ச்சினேன், தீர்த்த யாத்திரை பஸ்ஸில் சமையல் செய்தேன். ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு ரயிலில்தான் போவேன், எப்போதும் முன்பதிவு இல்லாத பெட்டி. முன்பதிவு செய்த சீட்டில் போனது ஒரே ஒரு தடவை, அதுவும் வேறொருத்தன் பெயரில். ஆதார் அட்டையில் பிறந்த வருஷம் தப்பாக இருந்தது, அதைத் திருத்துவதற்காக ஊருக்கு வந்தேன். இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகிற திட்டம். வந்தபோது பக்கத்து வீட்டில் அண்ணனுக்குச் சர்க்கரை வியாதியில் இரண்டு கிட்னியும் போயிருந்தது. மகன் வெளிநாட்டில். அக்காவுக்கு, அதாவது அவர் மனைவிக்கு, முட்டு வலி. வாசல்படி இறங்கவே சுவரைப் பிடிப்பாள். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக ஆள் இல்லை. மகன் லீவில் வருகிறவரை நான் போகிறேன் என்றேன். அவன் வந்தான், லீவு முடிந்து போனான். நான் போய்க்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் பைஸ்டாண்டர், அதாவது நோயாளிக்குத் துணை ஆள், என்று எனக்கு ஒரு அட்டை கொடுத்தார்கள். யார் நீங்கள் என்று நர்ஸ் கேட்டால் அண்ணனே பதில் சொல்வார்.

"இவனா? நாக்பூர்ல சாயா குடிக்கப் போனவனாக்கும். இப்பத்தான் குடிச்சு முடிச்சான்."

டயாலிசிஸ் மிஷின் எங்களுக்குக் கிடைத்தது திருவனந்தபுரத்தில். திங்கள், புதன், வெள்ளி. பத்தரை மணிக்குப் படுத்தால் நான்கு மணி நேரம். பிந்திப் போனால் அந்த நேரத்தில்தான் குறைப்பார்கள், ஏனென்றால் அடுத்த ஆள் வாசலில் உட்கார்ந்திருப்பார். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும். அதற்கு மேலும் தவறினால் நீர் நெஞ்சில் ஏறும். டாக்டர் இதை எங்களிடம் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். ஆகவே நேரத்துக்குப் போய்ச் சேர்வது என்பது எங்களுக்கு ஒரு வசதி சம்பந்தப்பட்ட விஷயமாக இருக்கவில்லை.

முதல் மாதம் பஸ்ஸில் போனோம். அண்ணனுக்கு ரயில் என்றால் இளக்காரம். ஸ்டியரிங்கை அவர் வளையம் என்றுதான் சொல்வார்.

"வளையம் இல்லாத வண்டிய ஓட்டுறவன் ஒரு டிரைவரா? திருப்பவும் வேண்டாம், ஒடிக்கவும் வேண்டாம். நேர இருந்தாப் போரும். அதுக்கு ஒரு தொப்பி வேற."

பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து, வெறும் தரையில் காலால் பிரேக் மிதித்துக்கொண்டே வருவார். போகும்போது சமாளித்துவிடலாம். திரும்பி வரும்போதுதான் சிரமம். மிஷினிலிருந்து இறங்கிய உடம்பு பிழிந்த துணி மாதிரி இருக்கும். கெண்டைக்கால் சுருட்டி இழுக்கும். உடனே எழுந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் காலை நீட்டிப் படுக்க வேண்டும். பஸ்ஸில் இரண்டுக்கும் இடமில்லை. பாலராமபுரம் முக்கில் பஸ் நின்றால் நின்றதுதான், எப்போது நகரும் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு நாள் அங்கே வலி பொறுக்காமல் கத்திவிட்டார். இறக்கிக் கூட்டிப்போய் ஒரு துணிக்கடை முன்னால் சிமெண்டுத் தரையில் படுக்க வைத்தேன். கடைக்காரர் நல்லவர், ஃபேனை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். கஸ்டமர்கள் அவரைத் தாண்டி உள்ளே போய்ப் புடவை பார்த்தார்கள். அரை மணி நேரம் கழித்து அண்ணன் மேலே பார்த்தபடியே சொன்னார்:

"செரி. நாளைக்கழிஞ்சு வளையம் இல்லாத வண்டியில போவம்."

ரயில் பஸ்ஸை விட வேகம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் பாசஞ்சர் எல்லா இடத்திலும் நிற்கும். விரைவு வண்டி எதிரே வந்தால் ஒதுங்கி வழி விட்டு, அது கடந்து போகிறவரை காத்துக் கிடக்கும். ஆனால் எழுந்து நடக்கலாம், நீட்டிப் படுக்கலாம். இரண்டாவது வாரத்திலேயே சீசன்காரர்கள் எங்களைத் தெரிந்துகொண்டார்கள். தினமும் சீசன் டிக்கெட்டில் வேலைக்குப் போய் வருகிறவர்கள் அவர்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பெட்டி, ஒரு சீட் உண்டு. எங்கள் பெட்டியில் சீட்டு விளையாடுகிற ஒரு கூட்டம் இருந்தது. சாயங்காலம் அவர்கள் முன்னாலேயே ஏறி, ஒரு நீள சீட்டின் இரண்டு முனையிலும் தோர்த்துத் துண்டைப் போட்டு அண்ணனுக்கு இடம் பிடித்துவைப்பார்கள். யாராவது உட்கார வந்தால், "அது நம்ம கிட்னி மாமாவுக்குள்ளதாக்கும்" என்பார்கள். அவர் படுத்துக்கொண்டு அவர்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்துத் திட்டு வாங்குவார்.

அவருக்கு ஒரு நாளைக்குக் குடிக்கிற அளவு ஒரு சின்ன பாட்டில் தண்ணீர். சாயா அதில் கணக்காகிவிடும் என்பதால் குடிக்க மாட்டார். சாயாக்காரன் வந்தால் என்னை வாங்கச் சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்து நான் மெதுவாகக் குடிக்க வேண்டும்.

"ஆறவிட்டுக் குடி. மணம் இஞ்ச வரட்டு."

இடது கையில் ஊசி குத்துகிற இடத்தில் இரண்டு ரத்தக்குழாயை ஒன்றாக இணைத்திருந்தார்கள். அங்கே காது வைத்தால் ஒரு இரைச்சல் கேட்கும். வண்டி புறப்படும்போதெல்லாம் அதைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "எஞ்சின் ஓடுது" என்பார்.

இப்படி ஒன்றரை வருஷம் போனது. அந்த ஒன்றரை வருஷத்தில் பெட்டியில் ஆள் குறைந்ததை நான் பார்த்தேன். குளத்தூர் பக்கத்துப் பையன்கள் பைக்குக்கு மாறினார்கள். ஜவுளிக்கடைப் பெண்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு வேன் பேசிக்கொண்டார்கள், அது வீட்டு வாசலில் வந்து நிற்கும். பொழியூரிலிருந்து மீன் பெட்டியோடு வருகிற பெண்களுக்கு இப்போது ஆட்டோ உண்டு. யாரையும் குறை சொல்ல முடியாது. நானும் கையில் காசும் உடம்பில் பலமும் உள்ளவனாக இருந்தால், வழியில் ஒதுங்கி நிற்கிற வண்டியில் போக மாட்டேன்.

டிக்கெட் கொடுக்கிற பெண்தான் முதலில் செய்தியைச் சொன்னாள். அவள் ரயில்வே ஊழியர் இல்லை, ஒப்பந்தத்தில் டிக்கெட் விற்கிறவள். ஹால்ட் இருந்தால்தான் அவளுக்கும் வேலை.

"மாமா, வாற புதனாழ்ச்ச ஒரு சாரு வாறாராம். எத்தர பேரு ஏறுது, எத்தர பேரு எறங்குதுன்னு எண்ணப் போறாவளாம். ஆளு இல்லேன்னா ஸ்டாப்ப எடுத்துருவாவ."

"அப்ப ஆள ஏத்து மோளே" என்றார் அண்ணன். "எண்ணுறதுக்குத்தானே வாறாரு? ஊர்ல ஆளுக்கா பஞ்சம்?"

அவ்வளவு எளிய காரியம்தான். ஆனால் எங்கள் ஊரில் ஒரு காரியத்துக்கு ஆக்‌ஷன் கவுன்சில் அமைத்துவிட்டால் அது எளிதாக இருக்காது. வாசகசாலையில் கூட்டம் போட்டார்கள். கன்வீனராக வந்தவர் எங்கள் சீட்டுக் கூட்டத்தில் ஒருவர், அரசாங்க ஆபீஸில் வேலை. நல்ல மனிதர். அண்ணனுக்குத் தோர்த்து போட்டு இடம் பிடிக்கிறவர்களில் முதல் ஆள். அவர் எழுந்து சொன்னார், அதிகாரி வருகிற நாளில் ஊர் முழுக்க எதிர்ப்பைக் காட்ட வேண்டும், ஆகவே புதன்கிழமை காலை ஆறு முதல் சாயங்காலம் ஆறு வரை ஹர்த்தால். கடை கிடையாது, ஆட்டோ கிடையாது, யாரும் வேலைக்குப் போகக் கூடாது. எல்லோரும் ஸ்டேஷனுக்கு வர வேண்டும்.

டிக்கெட் பெண் பின்னாலிருந்து கேட்டாள்: "அண்ணே, அப்ப வண்டியில ஆரு ஏறுவா?"

"எம்மா, ஹர்த்தால்னா ஹர்த்தாலாக்கும். ஊரு ஒற்றக்கட்டா நிக்குதுன்னு அவருக்குத் தெரியணும். முந்நூறு பேரு பிளாட்பாரத்துல நின்னா அவரு கண்ணு தெரியாதா?"

கை தூக்கச் சொன்னார்கள். நானும் தூக்கினேன். அவள் கேட்ட கேள்வி எனக்கும் புரிந்திருந்தது. ஆனால் எல்லோரும் தூக்கும்போது, இதை யோசிக்க வேண்டியவர்கள் யோசித்திருப்பார்கள் என்று தோன்றியது. பாதிப் படிப்புக்காரனுக்கு இந்தப் பழக்கம் உண்டு. அந்தக் கூட்டத்தில் முழுப் படிப்புக்காரர்களும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

புதன்கிழமை ஹர்த்தால் நன்றாக நடந்தது. ஒரு கடை திறக்கவில்லை. பெண்கள் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். சர்ச்சிலிருந்து ஒரு கூட்டம், கோயில் கமிட்டியிலிருந்து ஒரு கூட்டம். யாரோ ஒரு குலை வாழைப்பழம் கொண்டுவந்து வேலியில் தொங்கவிட்டார்கள். செண்டைக்காரர்கள்கூட வந்தார்கள். அந்த ஹால்ட்டில் அத்தனை ஜனத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அதிகாரி ஒரு குடையும் ஒரு அட்டையில் செருகிய தாளுமாக ஓரத்தில் நின்றார். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஒரு சாயா கிடைக்குமா என்று மலையாளத்தில் கேட்டார். கடை எல்லாம் அடைப்பு என்று பெருமையாகச் சொன்னார்கள். பிறகு கன்வீனரே வீட்டுக்கு ஓடிப்போய் பிளாஸ்கில் பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்தார்.

வண்டி வந்தது. கோஷம் எழும்பியது. எஞ்சினிலிருந்து டிரைவர் தலையை நீட்டி, என்ன திருவிழா என்பது போலப் பார்த்தார். அண்ணன் ஸ்டூல் மேல் ஒரு காலை வைத்தபடி திரும்பி நின்றார்.

"எலே, ஏறுங்கலே! ஏறி அடுத்த ஸ்டேஷன்ல எறங்கித் தொலைங்கலே! அவரு ஏறுற ஆளையாக்கும் எண்ணுறாரு!"

"மாமா, ஹர்த்தால் நாள்ல யாத்திரை செய்யப்படாது" என்றார் கன்வீனர். "ஒங்களுக்கு உண்டு. பால், பத்திரிகை, ஆஸ்பத்திரி மூணுக்கும் விலக்கு உண்டு." பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்: "ஆஸ்பத்திரிக்குப் போறவங்களுக்கு வழி விடுங்கோ!"

நன்றாகவே வழி விட்டார்கள். நான்கு கைகள் அண்ணனைத் தாங்கி ஏற்றின. நானும் ஏறினேன். அதிகாரி ஜன்னலுக்குக் கீழே நின்று எழுதிக்கொண்டிருந்தார்.

"எத்தர சாரே?" என்று அண்ணன் கேட்டார்.

"ரண்டு."

"இவனச் சேக்காண்டாம். இவன் பாதியில எறங்கிப் போறவன்."

அதிகாரி சிரித்தார். ஆனால் இரண்டு என்றுதான் எழுதினார். வண்டி நகர்ந்தபோது ஜனங்கள் கை தட்டினார்கள். சீட்டுக் கூட்டத்தின் சீட் காலியாகக் கிடந்தது. அண்ணன் அதில் காலை நீட்டிக் கொஞ்ச நேரம் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. சாயங்கால வண்டியில் நாங்கள் இறங்கியபோதும் அந்த அதிகாரி அங்கேயே நின்றார். இறங்கியவர்கள், இரண்டு.

சில வாரங்களில் டிக்கெட் அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள். ஹால்ட் எடுக்கப்பட்டது. "அந்த ஒரு நாளால இல்ல மாமா, அவங்க முன்னமே தீர்மானிச்சதாக்கும்" என்று கன்வீனர் வீட்டுக்கே வந்து சொன்னார். இருக்கலாம். எனக்குத் தெரியாது. மற்ற நாட்களிலும் முப்பது பேர் ஏறுவது அபூர்வமாகிவிட்டிருந்தது. ஆனால் முப்பதும் இரண்டும் ஒன்றல்ல. அண்ணன் அவரைத் திட்டவில்லை. "சாயா குடிச்சிட்டுப் போ" என்று மட்டும் சொன்னார். அவர் குடிக்காமல் போனார்.

அதன் பிறகு பாறசாலை ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் போய் அதே வண்டியைப் பிடித்தோம். அங்கே பிளாட்பாரம் உயரம், ஸ்டூல் தேவையில்லை. ஆனால் சாயங்கால வண்டி அடுத்த பக்கத்துப் பிளாட்பாரத்தில் வரும். வெளியே வர மேம்பாலம் ஏற வேண்டும். மிஷினில் கிடந்துவிட்டு வருகிற உடம்புக்கு அந்தப் படிகள் அதிகம். பாதியில் உட்கார்ந்துவிடுவார். ஜனங்கள் இரண்டு பக்கமும் விலகி ஏறிப் போவார்கள். "ஏற்றத்துல லோடு வண்டி மக்கா, பைய வரும்" என்பார் என்னிடம்.

அவர் நிலைமை மோசமானது அங்கே அல்ல. ஒரு திங்கள்கிழமை எங்கள் ஆட்டோ ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டது. கேட் அடைத்திருந்தது எங்கள் வண்டிக்காகத்தான். அது எங்கள் கண் முன்னால் போனது. சீசன்காரர் ஒருவர் ஜன்னலிலிருந்து எங்களைப் பார்த்து, என்ன ஆச்சு என்று கையால் கேட்டார். ரோட்டுக்கு வந்து பஸ் பிடித்தோம். பாலராமபுரத்தில் வழக்கம் போல நின்றது. போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. இரண்டு மணி நேரம்தான் மிஷின் கொடுத்தார்கள். மறுநாள் அவரால் படுக்க முடியவில்லை, படுத்தால் மூச்சு முட்டியது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தார். பாதம் மாவு உருண்டை போல வீங்கியிருந்தது. நான் விரலால் அமுக்கினால் குழி அப்படியே நின்றது. அக்கா சமையலறையில் போய் நின்றுகொண்டாள். புதன்கிழமை விடியும் முன்னே ஒரு டாக்ஸி பிடித்து அவரைக் கொண்டுபோனோம். இதை வாரத்துக்கு மூன்று தடவை செய்ய எங்களால் முடியாது என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

ஆரம்பத்திலேயே நெய்யாற்றின்கரையில் ஒரு ஆஸ்பத்திரியிலும் பெயர் கொடுத்து வைத்திருந்தோம். அங்கே மிஷின் குறைவு, காத்திருக்கிறவர்கள் அதிகம். அடுத்த வாரம் அங்கிருந்து போன் வந்தது. ஒரு இடம் காலியாகியிருக்கிறது, வெள்ளிக்கிழமையிலிருந்து வரலாம் என்றார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார்.

"எப்படிக் காலியாச்சுன்னு கேட்டியா?"

"கேக்கல்ல."

"கேக்காண்டாம்."

வெள்ளிக்கிழமை ஆட்டோவில் போனோம். கால் மணி நேரம். அந்தக் கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தார்கள். அண்ணன் படுப்பதற்கு முன் கொஞ்ச நேரம் அதைத் தடவிப் பார்த்தார். நான்கு மணி நேரம் முழுதாகக் கிடைத்தது. இரண்டு வாரத்தில் பாதம் வற்றியது.

பாசஞ்சர் வண்டிக்கு இனி எதிர்காலம் உண்டா என்று சாயாக்கடையில் பேசுகிறார்கள். பேட்டரி பஸ் வரும், வேக வண்டி வரும், ஆளுக்கொரு ஸ்கூட்டர் வரும் என்கிறார்கள். வரட்டும். இவற்றில் எல்லாம் உட்காரத் தெரிந்த உடம்புக்குத்தான் இடம் வைத்திருக்கிறார்கள் என்பது என் அனுபவம். நீட்டிப் படுக்க வேண்டியவன், அடிக்கடி எழுந்து நிற்க வேண்டியவன், பெட்டியும் சாக்குமாக ஏறுகிறவன், எந்த ஊருக்கு என்று தீர்மானிக்காமல் ஏறுகிற என்னைப் போன்றவன், இவர்கள் மெதுவாகப் போகிற வண்டியில்தான் போக முடியும். இவர்கள் எல்லா ஊரிலும் கொஞ்சம் பேர் உண்டு. ஆனால் எண்ணுகிற அன்றைக்கு இவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து ஏறுவது நடக்காது.

டிக்கெட் பெண் இப்போது ஒரு பேக்கரியில் நிற்கிறாள். அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்த அன்று ஸ்டூலை வீட்டில் கொண்டுவந்து தந்தாள். அண்ணன் அதில் உட்கார்ந்துதான் குளிக்கிறார்.

ஆட்டோவில் கால் மணி நேரம் போய்வர நான் தேவையில்லை. தெரிந்த ஆட்டோக்காரரே இறக்கிக் கையைப் பிடித்து உள்ளே விட்டுவிடுகிறார். ஒரு மாதம் பார்த்தேன். பிறகு திருவனந்தபுரத்திலிருந்து வடக்கே போகிற ஒரு வண்டிக்கு டிக்கெட் எடுத்தேன், முன்பதிவு இல்லாதது. அண்ணனிடம் சொல்லப் போனபோது அவர் வாசலில் நாற்காலி போட்டு, கையைக் காதில் வைத்து எஞ்சின் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாக்பூர் வழியாவா?"

"ஆமா. நாளை மறுநாள் போய்ச் சேரும்."

"அங்க எறங்கி ஒரு சாயா குடி." கையை மடியில் இறக்கி வைத்தார். "குடிச்சா திரும்பி ஏறணும், கேட்டியா?"

ஏறுவேன் என்று சொன்னேன்.